பேனா கடைய அழகான பொருள் எது? உங்கள் கைபட்டதைச் சொல்லுங்கள்

திண்டுக்கல்லிலிருந்து:

இதுவரை நான் கடைந்த பேனாக்களில் எது அழகு என்று கேட்டால் தயங்காமல் சொல்வேன்: எங்கள் தெருக் கறிக்கடையின் வெட்டுக்கட்டையிலிருந்து பிறந்தது. கடைக்காரர் புதுக் கட்டை வாங்கிப் போட்ட அன்று, நடுவில் குழிந்துபோன பழையது வாசலில் மழையில் கிடந்தது. "விறகுக்குக்கூட யாரும் எடுக்க மாட்டேன் என்கிறார்கள், சார். கோடாலி இறங்காது" என்றார். புளியங்கட்டை அல்லவா! கொழுப்பு ஊறிய மேல்பகுதியைக் கழித்துவிட்டு, மிச்சத்தை நிழலில் ஆறு மாதம் காயப் போட்டேன்.

அறுத்துப் பார்த்தால் வெளிப்பக்கம் தயிரேட்டின் நிறம். நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு வைரம், அதாவது முற்றி இறுகிய உள்மரம், நாவற்பழத் தோலைக் காயவைத்தாற்போல் கருஞ்சிவப்பு. வைரத்தை எடுப்பேன் என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் வெளிப்பக்கத்து வெளிறில் பூஞ்சை ஏறிய இடத்தில், மெல்லிய நிப்பால் யாரோ இழுத்துவிட்டாற்போலக் கரிய வரிகள் வளைந்து வளைந்து ஓடின. ஒரு பூஞ்சைக் கூட்டம் இன்னொன்றைத் தன் பக்கம் வரவிடாமல் போடும் வேலிதான் அந்தக் கோடு. அந்தத் துண்டைத்தான் கடைசல் எந்திரத்தில் ஏற்றினேன். மெத்தென்றிருந்த இடங்களில் நீர்த்த பசையை ஊறவிட்டு, இறுகிய பிறகே உளியை வைத்தேன். மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளாமல் இந்த மாதிரிக் கட்டையைத் தொடாதீர்கள். அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பலகையில் பார்த்து மயங்கும் வரி பேனாவில் வராது. தேக்குப் பலகையில் கோயில் கோபுரம் போல் அடுக்கடுக்காக எழும் வரியைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்கினேன். விரல் தடிமனுக்குக் கடைந்த பிறகு இரண்டு கோடுகள்தான் மிஞ்சின. இப்போது மரக்கடைக்குப் போகும்போது ஓர் அட்டையைக் கையில் கொண்டு போகிறேன். அதில் ஒன்றேகால் சென்டிமீட்டர் அகலத்துக்கு, பேனா நீளத்துக்கு ஒரு துளை வெட்டியிருக்கிறேன். பலகையின் மேல் அட்டையை நகர்த்தி, துளை வழியே தெரிவதை மட்டும் பார்ப்பேன். பிறகு ஈரத் துணியால் ஒரு துடை. பாலிஷ் ஏறிய பிறகு வரப்போகும் நிறம் அந்த ஈரத்தில் தெரிந்துவிடும். பூவரசை நான் கண்டுகொண்டது அப்படித்தான். உலர்ந்த நிலையில் மங்கலாகக் கிடந்த கட்டை, துணி பட்டதும் ஈட்டி மரத்துக்கு இணையாகச் சிவந்து எழுந்தது.

மரத்தில் நேராக மை ஊற்றும் பேனா மட்டும் செய்யாதீர்கள். என் முதல் மரப் பேனாவின் உடலில் மை கசிந்து, நான்காம் நாள் மரை பிடித்த இடத்தில் விரிசல் விட்டது. உள்ளே எபோனைட் என்னும் கெட்டி ரப்பரில் குழல், கழுத்தும் எபோனைட், மேலே மரம். இப்போது அப்படித்தான் செய்கிறேன்.

சென்னையிலிருந்து:

அண்ணா, எபோனைட்டை உள்ளே ஒளித்து வைத்துவிட்டீர்களே! அதற்காகப் பேசவே வந்தேன்.

அப்பா தாலுகா அலுவலகத்தில் முப்பது ஆண்டுகள் எழுதிய பேனா, கறுப்பு எபோனைட். ஜன்னல் ஓரத்திலேயே இருந்து இருந்து பாசி படிந்த பழுப்பாகிவிட்டது. ரப்பரோடு மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் கந்தகம் சேர்த்து மணிக்கணக்கில் வேகவைப்பதால் கிடைக்கும் பொருள் அது. வெயிலும் ஈரமும் பட்டால் மேல்பரப்பு இப்படி மாறும். திருவள்ளூரில் பேனா கடையும் பெரியவர் ஒருவரிடம், பழைய கறுப்பைக் கொண்டுவர முடியுமா என்று கேட்டேன். கடைசலில் பூட்டி, வால் நுனியில் உளியை ஒரு கணம் வைத்தார். சீவல் ஒரே இழையாகச் சுருண்டு என் மடியில் விழுந்தது. தீக்குச்சி கிழித்த வாசனை. சீவிய இடத்தில் அப்பாவின் பேனா புதிதாகப் பளபளத்தது. "முழுதும் எடுத்துவிடட்டுமா, அம்மா?" என்றார். அப்பாவின் பெருவிரல் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கிய இடம் கண்ணில் பட்டது. வேண்டாம் என்றேன். வாலில் கறுப்பு வளையத்தோடு அப்படியே வாங்கி வந்தேன்.

அன்றே அவரிடம் எனக்கென ஒரு பேனா சொன்னேன். பச்சையும் கறுப்பும் கலந்த கோல். நிறம் மேலே பூசியதல்ல, கோலின் உள்வரை ஓடுகிறது. கடையக் கடைய வரி இடம் மாறிக்கொண்டே வந்தது, ஒவ்வொரு சுற்றுக்கும் "இங்கேயே நிறுத்துங்கள்" என்று சொல்லத் தோன்றியது. ஓரிடத்தில் நிறுத்தவும் சொன்னேன். அதனால் என் பேனா கொஞ்சம் பருமன், என் கைக்கு அதுதான் பொருந்துகிறது. பளபளப்பு ஏற்றாமல் உப்புத்தாள் தேய்ப்போடு விட்டுவிட்டோம். கையில் எடுத்தால் உலோகம் போலச் சில்லென்று இருக்காது, வேர்த்தாலும் வழுக்காது. 1930களில் ராஜமுந்திரியில் ரத்னம், காந்தியின் சுதேசி வேண்டுகோளுக்காகச் செய்த பேனாவும் எபோனைட்தான் என்று பெரியவர் பெருமையோடு சொன்னார்.

பெங்களூரிலிருந்து:

அக்ரிலிக் எடுக்கிறவர்களுக்குச் சின்ன எச்சரிக்கை. மயில்கழுத்து நீலத்தில் ஒளி ஊடுருவும் துண்டு வாங்கினேன், கையில் பிடித்தால் கடல் மாதிரி இருந்தது. மெல்லியதாகக் கடைந்ததும் உள்ளே இருந்த பித்தளைக் குழாயின் மஞ்சள் மேலே தெரிந்து, சேற்றுப் பச்சையாகிவிட்டது. அடுத்த துண்டில் துளையின் உட்சுவருக்கும் குழாய்க்கும் அடர்நீலம் பூசிவிட்டு ஒட்டினேன். கடல் திரும்பி வந்தது. இதற்கு உளி கூர்மையாக இருக்க வேண்டும். மழுங்கினால் சில்லு சில்லாகப் பெயரும்.

கும்பகோணம் பக்கத்திலிருந்து:

எங்கள் ஊருக்குக் கூப்பிடு தூரத்தில் நரசிங்கம்பேட்டை. நாதசுரம் கடையும் ஊர். அங்கே ஆச்சா மரத்தில்தான் கடைவார்கள், அதுவும் இடித்த பழைய வீடுகளின் உத்தரமாகவோ தூணாகவோ பல்லாண்டு கிடந்து காய்ந்த மரமாக இருக்க வேண்டும். அங்கே ஆசாரி ஒருவரிடம் பேனா அளவுக்கு ஒரு கழிவுத்துண்டு கேட்டேன். அவர் உடனே தரவில்லை. இரண்டு துண்டுகளை எடுத்து ஒன்றோடு ஒன்று தட்டிக் காதில் வாங்கினார். பிறகு ஒன்றை வாளித் தண்ணீரில் போட்டார். கல் போல அடியில் போய் உட்கார்ந்தது. "இது போதும். இனி இது நெளியாது, வெடிக்காது" என்றார்.

காபித்தூள் நிறத்தில் செம்மை கலந்த மரம். வரியென்று பெரிதாக ஒன்றும் இல்லை. படத்தில் பார்த்தால் யாரும் ஒரு நொடி நிற்க மாட்டார்கள். ஆனால் மெழுகு மட்டும் தேய்த்து மூடியைத் திருகியபோது இருந்த இறுக்கமும் கனமும் எனக்கு வேறு எந்தக் கட்டையிலும் வாய்த்ததில்லை. ஆணி இருந்த இடத்தில் இரும்பு ஊறி ஒரு கறுப்புப் பொட்டு. அதை மூடியின் முன்பக்கம் வருமாறு வைத்தேன். ஏதோ ஒரு வீட்டில் ஊஞ்சலோ விளக்கோ தொங்கிய ஆணியாக இருக்கலாம்.

திண்டுக்கல்லிலிருந்து:

கும்பகோணத்துத் தம்பி, அந்த ஆணிப்பொட்டின் படத்தைப் பெரிதாகப் போடுங்கள். தை மாதம் சுவாமிமலைக்கு வருகிறேன். ஆச்சாவில் ஒரு சாண் இருந்தால் எனக்காக எடுத்து வையுங்கள். புளியில் வரி ஓடிய துண்டு ஒன்று உங்களுக்காகப் பையில் இருக்கும். சென்னைத் தங்கைக்கு: அப்பாவின் பேனாவை இனி ஜன்னலோரம் வைக்காதீர்கள், அம்மா. எழுதி முடித்ததும் மேசை இழுப்பறைக்குள் போட்டுவிடுங்கள்.