புதுப்பிப்பு: வாளையாறு வயலில் விழுந்துகொண்டிருந்த என் ஸீரோ

நான் செய்த ரிமோட் ஸீரோ விமானம் (இரண்டாம் உலகப் போரில் பறந்த ஜப்பானியப் போர் விமானத்தின் மாதிரி), வளைக்கும்போதெல்லாம் ஒரு பக்க இறக்கை தொய்ந்து வயலில் விழுகிறது என்று போன மாதம் புலம்பியிருந்தேன். மோட்டார் மேல் சந்தேகம். ஆனால் தப்பு என் கணக்கில்தான்.

எடை 1100 கிராம், இறக்கைப் பரப்பு 0.25 சதுர மீட்டர். அதாவது சதுர மீட்டருக்கு 4.4 கிலோ சுமை. சின்ன பேட்டரி மாட்டி 850 கிராமுக்கு இறக்கினேன், இப்போது 3.4. விழாமல் பறக்கத் தேவையான குறைந்தபட்ச வேகம் இந்தச் சுமையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்பதால், சுமார் 12 சதவீதம் மெதுவாகப் போனாலும் விழுவதில்லை.

அசல் ஸீரோவின் சூட்சுமமும் இதேதான். அதற்கும் பிரிட்டிஷ் போர் விமானமான ஸ்பிட்ஃபயருக்கும் இறக்கைப் பரப்பு ஏறக்குறைய ஒன்றே, 22.4 சதுர மீட்டர். ஆனால் ஸீரோ சுமார் 2400 கிலோ, ஸ்பிட்ஃபயர் ஐந்தாம் ரகம் 3000 கிலோ. சதுர மீட்டருக்கு 107 கிலோவுக்கு எதிரே 130 சொச்சம். 1943-ல் ஆஸ்திரேலியாவின் டார்வின் நகர வானில் ஸீரோவோடு வளைந்து வளைந்து மோதப் போன ஸ்பிட்ஃபயர்கள் திணறின. ஸீரோவுக்கோ கவசத் தகடுகூட இல்லாத ஒல்லி உடம்பு, குண்டு பட்டால் பற்றிக்கொள்ளும். அது வேறு கதை.

சரி, எனக்குத் தீர்ந்ததா? பாலக்காட்டுக் கணவாய்க் காற்று இருக்கிறதே! லேசான விமானத்தைப் பட்டம் மாதிரி தூக்கி அடிக்கிறது. கனமாக இருந்தபோது இந்த ஆட்டம் இல்லை. ஆடி மாதம் முடியும் வரை அதிகாலையில் மட்டும்தான் பறக்கவிடுவேன். பழைய பேட்டரியைத் தூக்கிப் போடவில்லை.