மாஸ்டர் நினைவாக: கிண்ணத்துக்கு முதல் ஒரு தராசு

அண்ணைமார், அக்காமார், தம்பி தங்கச்சிமார் எல்லாருக்கும் வணக்கம்.

எங்களுக்குக் குத்துச்சண்டை பழக்கின மாஸ்டர் மறைந்து, எட்டுச் செலவு முடிந்த கையோடு அவர் பெயரில் நினைவுக் கிண்ணம் வைக்கிற கதை தொடங்கிவிட்டது. லண்டன் ஒரு தொகை சொல்ல, கனடா அதுக்கு மேலே ஒரு தொகை சொல்ல, கோயில் மாம்பழ ஏலம் மாதிரிப் போய்க்கொண்டிருக்கிறது. அனுதாபக் கடிதங்களில் "பல வீரர்களை உருவாக்கியவர்" என்ற வரி திரும்பத் திரும்ப வருகிறது. அவரிடம் பழகினவன் என்ற முறையில் சொல்கிறேன், எங்களில் ஒருவரும் நாடளவில் ஒன்றும் வெல்லவில்லை. பள்ளிக்கூடங்களுக்கான ஸ்டப்ஸ் கேடயக் குத்துச்சண்டைப் போட்டியைப் பற்றி வாய் ஓயாமல் கதைப்பார். 1938 இல் சிட்னியில் பேரரசு விளையாட்டுப் போட்டியில் இலங்கைக்குக் குத்துச்சண்டைத் தங்கம் எடுத்த பார்னி ஹென்றிக்கஸின் பெயரை எங்கட ஊரில் சின்னப் பிள்ளையும் சொல்லும், அவ்வளவு சொல்லித் தந்திருந்தார். ஆனால் எங்கட பொடியள் ஊர்ப் போட்டிக்கு மேலே போகவில்லை. அவர் செய்தது வேறு வேலை. அது என்னவென்று தெரியாமல் கிண்ணத்தில் பெயர் வெட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளுக்காக: மாஸ்டர் என்றாலும் அவர் வாத்தியார் இல்லை, பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் மனேச்சர். எழுபதுகளில் கூப்பன் அரிசிக்கு வரிசையில் நின்றவர்களுக்கு அவரை அந்த மேசைக்குப் பின்னால்தான் தெரியும். சங்கத்தில் மூட்டை நிறுக்கிற தராசுதான் எங்கட குத்துச்சண்டையின் முதல் சாமான். போட்டி நாள் விடியப்புறம், கடை திறக்க முதல், களிசானோடு வரிசையில் நிற்போம். சீனி மூட்டை இருந்த பலகையில் ஏறினால் உள்ளங்கால் பிசுபிசுக்கும். தராசு இறாத்தலில் காட்டும். அவர் அதைக் கிலோவாக்கி, 48, 51, 54, 57, 60 என்று பிரிவு பிரிவாகச் சி.ஆர். கொப்பியில் எழுதுவார். கொஞ்சம் கூடிப்போச்சு, வெயிலில் ஓடி வியர்வை இறக்கிக்கொண்டு வாறேன் என்றால் விடமாட்டார். "தண்ணி வத்தின தலையில அடி விழுந்தா வீட்டுக்கு நான் என்ன பதில் சொல்லுறது?" என்று மேல் பிரிவில் போட்டுவிடுவார், இல்லையென்றால் அன்றைக்குச் சண்டை இல்லை.

எடை ஒத்தால் மட்டும் போதாது. வயது, முதல் எத்தனை தரம் ஏறியிருக்கிறான், போனமுறை என்ன அடி வாங்கினான், எல்லாம் அந்தக் கொப்பியில் இருக்கும். சோடி சேர்க்கிறதில் அவர் செலவழித்த நேரம் குத்துப் பழக்கிறதில் செலவழித்ததிலும் கூட. உண்மையைச் சொன்னால் பழக்கிறதில் அவர் அவ்வளவு கெட்டிக்காரன் இல்லை. இடக்கைக்காரனுக்கு எப்படிக் குத்துவது என்று கேட்டால் தலையைச் சொறிவார்.

றிங் என்றால் சனசமூக நிலையத்துக்குப் பின்வளவில் மணல் பரப்பி, மேலே படங்கை இழுத்துக் கட்டி, நாலு மூலைக்கும் பூவரசங் கதியால். தும்புக்கயிறு முதுகை உரிக்கும் என்று பழைய சாரத்துணி சுற்றியிருப்பார். கைக்குக் கட்ட வேட்டிக் கரை. குத்திப் பழக உமி அடைத்த உரச்சாக்கு. மணிக்குத் தண்டவாளத் துண்டு. 1974 ஒக்டோபர் 30 இல் கின்ஷாசாவில் முகம்மது அலி கயிற்றில் சாய்ந்து நின்று போர்மனைக் களைக்கப் பண்ணி எட்டாம் சுற்றில் விழுத்தின பிறகு, ஊரில் எல்லாரும் கயிற்றில் சாயத் தொடங்கினோம். "அங்கத்தைக் கயிறு வேற, இது தேங்காய்த் தும்பு. கதியாலோட சேர்ந்து விழுவியள்" என்று கத்துவார். இரண்டு பேர் விழுந்தும் இருக்கிறார்கள்.

இனிச் சொல்லப்போகிற சம்பவம் மூத்தவர்களுக்கு நல்ல ஞாபகம் இருக்கும். சித்திரை வருசத்தை ஒட்டி ஒரு பெரிய இரவுப் போட்டி. ரிக்கற் விற்று, லவுட்ஸ்பீக்கர் கட்டி, பெற்றோல்மாக்ஸ் எல்லாம் கொளுத்தியாச்சு. அயலூர்ச் சனம் மதிலிலும் மரத்திலும். வாறேன் என்ற டொக்டர் வரவில்லை, ஆஸ்பத்திரியில் அவசரக் கேஸ். ஒரு மணித்தியாலம் பார்த்தார்கள். கழகத் தலைவர், "மருந்துக்கடைக்காரர் முன் வரிசையில இருக்கிறார்தானே, தொடங்குவம்" என்றார். மாஸ்டர் கேட்டது இன்றைக்கும் காதில் நிற்கிறது: "பிள்ளையின்ர கண்ணைப் பார்த்து மூளை கலங்கிப்போச்செண்டு அவர் சொல்லுவாரோ?" பிறகு மைக்கைத் தானே வாங்கி, போட்டி இல்லை, வாசலில் காசைத் திருப்பி வாங்குங்கோ என்று அறிவித்தார். படங்கில் கல் விழுந்தது. ஒரு பெற்றோல்மாக்ஸ் உடைந்தது. ரிக்கற் வாங்காமல் மதிலில் இருந்தவர்களும் வந்து காசு கேட்டார்கள், கொடுத்தார். லவுட்ஸ்பீக்கர்க்காரனின் காசும் உடைந்த விளக்கின் காசும் அவருடைய சம்பளத்தில்தான் போனது, கழகம் ஒரு சதமும் தரவில்லை. கன நாளாக அவரைப் "பயந்தாங்கொள்ளி மாஸ்டர்" என்றார்கள். அப்படிச் சொன்னவர்களில் சிலர் இந்தக் குழுவிலும் இருக்கிறீர்கள், கோபிக்க வேண்டாம்.

என்னையும் ஒருமுறை இரண்டாம் சுற்றில் துவாயை எறிந்து இறக்கினார். நான் நின்றுகொண்டுதான் இருந்தேன், விழவில்லை. கொப்பியில் "நாலு கிழமை ஏறக்கூடாது" என்று எழுதினதோடு விடாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் அம்மாவிடமும் சொன்னார். சத்தி வந்தாலோ தலையிடித்தாலோ உடனே கூட்டிக்கொண்டு போங்கோ என்று விளக்கம் வேறு. அம்மாவோ நாலு கிழமையை நாலு மாதமாக்கினா.

நடுவர்மாரை எப்போதும் வேறு ஊரிலிருந்து கூப்பிடுவார். எங்கட ஊரில் எந்தக் குறிச்சிப் பொடியன் எந்தக் குறிச்சிப் பொடியனுக்கு அடிக்கிறான் என்பது சின்ன விசயமில்லை. 1968 இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் ஒடுக்கப்பட்ட சாதிச் சனத்தை உள்ளே விடாமல் மறித்தது ஆறாத காலம். மாஸ்டர் மேடையில் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை, பேசுகிற ஆளுமில்லை. எடை ஒத்தால் சோடி போட்டார். ஒரே வாளித் தண்ணீர், ஒரே செம்பு. அதற்காகத் தங்கட பிள்ளைகளை மறித்த பெரியவர்கள் இருந்தார்கள். அவர்கள் பெயர் கோயில் மடத்துக் கல்லில் இருக்கிறது.

1982 நவம்பரில் கொரியாவின் குத்துச்சண்டை வீரன் டுக் கூ கிம் லாஸ் வேகஸ் றிங்கில் அடிபட்டுச் சில நாளில் இறந்துபோனதும் அவர் ஆடிப்போனார். அது காசுக்குச் சண்டை பிடிக்கிற தொழில்காரரின் சண்டை, அந்த நாளில் 15 சுற்று. பிறகுதான் 12 ஆக்கத் தொடங்கினார்கள். எங்கடது மூன்று சுற்று. இருந்தும் சின்னப் பிள்ளைகளின் சுற்று நேரத்தை அதற்குப் பிறகு குறைத்துவிட்டார்.

அடுத்த வருசத்தோடு பொடியள் குறைந்தார்கள். எங்கே போனார்கள் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பின்வளவு கொஞ்சக் காலம் வெறும் மணலாகக் கிடந்தது, பிறகு பதுங்குகுழி வெட்டினார்கள். 1995 ஒக்டோபர் 30 இரவு, ஆமி நெருங்க, வலிகாமமே இடம்பெயர்ந்து நாவற்குழிப் பாலத்தால் போனபோது அவரும் கொடிகாமம் வரை நடந்தார். (அலி வென்ற அதே ஒக்டோபர் 30 தான். அவர் ஒருக்காலும் இதைச் சொல்லிக் காட்டினதில்லை, எனக்குத்தான் தட்டுப்பட்டது.) அடுத்த சித்திரைக்குப் பிறகு திரும்பி வந்து பார்க்கக் கொப்பி முழுக்கக் கறையான்.

பிந்திய காலத்தில் போனில் கதைக்கும்போது வருத்தம் துன்பம் பற்றிக் கேட்டால் பதில் இராது, குத்துச்சண்டை கேட்டால் வரும். 1984 ஒலிம்பிக்கில் கட்டாயமாக்கின தலைக்கவசத்தை ஆண்களுக்கு எடுத்துவிட்டார்கள், 2016 ரியோவில் வெறுந்தலையோடுதான் ஏறினார்கள் என்று சொன்னேன். கழற்றினால் மூளை அதிர்ச்சி குறையுமென்று ஆய்வு காட்டினார்களாம் என்றும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "அவை பெரிய ஆக்கள். எங்கட பிள்ளையளுக்குப் போட்டே விடுங்கோ" என்றார். பெண்பிள்ளைகளை எழுபதுகளில் கிட்டவும் விடாத மனிசன், 2012 லண்டன் ஒலிம்பிக்கில் அவர்கள் ஏறின பிறகு அதிலும் இறங்கிவந்துவிட்டார்.

இப்போது அங்கே இரண்டு தம்பிமார் பின்னேரங்களில் பிள்ளைகளைப் பழக்குகிறார்கள். பெண்பிள்ளைகளும் வருகிறார்களாம். அவர்களிடம் கிண்ணம் வேண்டுமா என்று நாங்கள் ஒருவரும் கேட்கவில்லை. நான் கேட்டேன். எடை பார்க்கச் சந்தியிலுள்ள கடைக்குக் கூட்டிக்கொண்டு போகிறார்கள். தலைக்கவசம் மூன்று இருக்கிறது, அதில் ஒன்றுக்கு வார் இல்லை. போட்டி வைத்தால் டொக்டருக்கும் வாகனத்துக்கும் கொடுக்கக் காசில்லாமல் வைக்காமலே விடுகிறார்களாம்.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். சேர்கிற காசில் முதலில் ஒரு நல்ல தராசு, அளவு அளவாகத் தலைக்கவசங்கள், மிச்சத்தை வங்கியில் போட்டு ஒவ்வொரு போட்டிக்கும் டொக்டரின் செலவு. அதற்கு மேலும் காசு மிஞ்சினால் கிண்ணம் வாங்குங்கோ, நான் மறுக்கவில்லை. 31 ஆம் நாளுக்கு முன்னம் பொருளாளருக்கு உங்கள் முடிவை எழுதுங்கோ. தராசு மின்சாரத்தில் வேலை செய்கிறதா, பழைய மாதிரி முள்ளுத் தராசா என்பதை இங்கேயிருந்து நாங்கள் தீர்மானிக்காமல் அந்தத் தம்பிமாரையே கேட்டு வாங்குவோம்.