டீம் மாறும்போது ஃபைல் யார் கையில்? ரெகுலேட்டரி வேலையில் இருப்பவர்களின் அனுபவங்கள்

ஹைதராபாத், ஜெனரிக் மருந்து நிறுவனம்:

மருந்துக்கு அரசு அனுமதி வாங்கும் எங்கள் ரெகுலேட்டரி குழு பல வருடமாக நாடு வாரியாகப் பிரிந்திருந்தது. அமெரிக்காவுக்கு ஒரு அணி, ஐரோப்பாவுக்கு ஒன்று, மற்ற நாடுகளுக்கு இன்னொன்று. அதை மருந்து வாரியாக மாற்றப் போவதாக நிர்வாகம் அறிவித்தது. ஒரு மாத்திரையின் எல்லா நாட்டு டோசியரும் (அனுமதிக்காகக் கொடுக்கும் ஆவணத் தொகுப்பு) இனி ஒரே ஆளிடம். யோசனை நல்லதுதான். அதுவரை மூலப்பொருள் தயாரிப்பாளர் ஏதாவது மாற்றினால், அதைத் தெரிவிக்க அமெரிக்காவுக்கு சிபிஇ-30 என்ற விண்ணப்பத்தை ஒருவர் எழுதுவார், ஐரோப்பாவுக்கு வேரியேஷன் என்ற விண்ணப்பத்தை வேறொருவர் எழுதுவார். ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்க மாட்டார்.

அறிவித்த விதம்தான் சரியில்லை. பெரிய மீட்டிங், கட்டம் கட்டமாக ஸ்லைடு. "கேள்வி இருக்கா?" என்றார்கள், யாரும் வாய் திறக்கவில்லை. மாலையில் டீக்கடையில்தான் எல்லாம் வெளியே வந்தது. அனுமதி தரும் அமைப்பு குறை சுட்டிக் கேட்டதற்கு அடுத்த வாரம் போக வேண்டிய டெஃபிஷியன்சி பதிலை நான் முடிக்கணுமா, புது ஆள் முடிக்கணுமா? டோசியரை மின்னணு வடிவில் தொகுக்கும் பப்ளிஷிங் செய்கிறவர்கள் யாருக்கு ரிப்போர்ட்? இந்த வருட அப்ரைசலை யார் எழுதுவார்?

கடைசிக் கேள்வியைச் சின்ன விஷயமாக நினைக்கக் கூடாது. அதற்குப் பதில் கிடைக்காதவரை மற்ற எதுவும் காதில் ஏறாது. எங்கள் மேடம் அதைப் புரிந்துகொண்டார். பழைய மேலாளரும் புதியவரும் சேர்ந்தே அப்ரைசல் எழுதுவார்கள் என்று முதலில் எழுத்தில் கொடுத்தார். அப்புறம் ஸ்லைடை மூடிவிட்டு, ஒவ்வொருவருடனும் உட்கார்ந்து டோசியர் பட்டியலைப் பார்த்தார். எந்த ஃபைல் எந்த நிலையில் இருக்கிறது, அடுத்த கெடு எப்போது, யார் முடிப்பது. பதில் எழுத ஆரம்பித்துவிட்டவரே அதை முடித்துக் கொடுக்க வேண்டும், மற்றவை கை மாறும். இந்த ஒரு விதியிலேயே பாதிக் குழப்பம் தீர்ந்தது.

அதிக நேரம் பிடித்தது, நாம் ஏஜென்சிக்கு, அதாவது அனுமதி தரும் அரசு அமைப்புக்கு, கொடுத்திருந்த வாக்குறுதிகளைத் திரட்டுவதுதான். "இத்தனை மாத ஸ்டெபிலிட்டி டேட்டா (மருந்து எவ்வளவு காலம் தரம் மாறாமல் இருக்கும் என்ற சோதனை விவரம்) பிறகு தருகிறோம்" என்று கவர் லெட்டரில் எழுதியது தேடினால் கிடைக்கும். டெலிகானில் (தொலைபேசிக் கூட்டத்தில்) பேசியது மினிட்ஸில் ஏறாவிட்டால் பழைய ஆளின் நினைவில் மட்டுமே இருக்கும். அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, சொல்லச் சொல்ல எழுதினோம். இதை யாரும் அவசரப்பட்டு முடிக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இன்னொன்று, மருந்து தயாரிக்கும் பிளான்ட். அவர்களுக்கு நம் ஆபீஸ் கட்டமைப்பு தெரியாது, தெரியவேண்டிய அவசியமும் இல்லை. தயாரிப்பில் செய்யும் மாற்றங்களைப் பரிசீலிக்கும் சேஞ்ச் கன்ட்ரோலுக்குப் பழைய ஆளுக்கே போன் செய்துகொண்டிருந்தார்கள். அமெரிக்காவில் விற்கும் மருந்தில் ஸ்பெசிஃபிகேஷனுக்கு வெளியே ரிசல்ட் மாதிரி பிரச்சினை வந்தால், அமெரிக்க ஏஜென்சிக்கு ஃபீல்ட் அலர்ட் என்ற அவசரத் தகவல் கொடுக்க 3 வேலை நாள்தான் அவகாசம். அதில் ஒரு நாளை ஆள் தேடுவதில் தொலைக்க முடியுமா? எந்த மருந்துக்கு யார், அவர் லீவில் இருந்தால் யார் என்று ஒரே பக்கத்தில் அச்சடித்து க்யூஏ (தர உறுதிப் பிரிவு) அறையில் ஒட்டினோம். மின்னஞ்சல் அறிவிப்பை விட அந்தத் தாள்தான் வேலை செய்தது.

சென்னை, முன்பு வேலை பார்த்த இடத்தில் கண்டது:

குழுவை மாற்றி அமைத்த அதே சமயத்தில் ஒரு சீனியர் விலகினார். அமெரிக்க ஏஜென்சியான எஃப்டிஏ-வின் 356எச் விண்ணப்பப் படிவத்தில் தொடர்பு நபராக அவர் பெயர்தான் இருந்தது. ஒரு ஏஎன்டிஏ-வுக்கு (ஜெனரிக் மருந்து அனுமதி விண்ணப்பம்) தகவல் கேட்டு வந்த கடிதம் அவருடைய மின்னஞ்சலுக்குப் போனது. ஐடி பிரிவு அந்தக் கணக்கை ஏற்கெனவே மூடியிருந்தது. நிறுவனத்தின் சார்பில் எஃப்டிஏ-வுடன் தொடர்பு வைத்திருக்கும் அமெரிக்க ஏஜென்ட் போன் செய்து விசாரித்ததால்தான் விஷயம் தெரிந்தது. பதில் தயாரிக்க மிச்சம் இருந்தது சில நாட்கள்தான், அந்த அணி தூங்கவே இல்லை.

ஆகவே உள்ளே அறிவிப்பதோடு நிறுத்தாமல், ஏஜென்சிக்கும் அமெரிக்க ஏஜென்டுக்கும் புதிய தொடர்பு நபரைத் தெரிவியுங்கள். விலகுகிறவரின் மின்னஞ்சல் புதியவருக்குத் திருப்பப்பட்டதா, ஏஜென்சிக்கு ஆவணம் அனுப்பும் கேட்வே கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்பதையும் கடைசி நாளுக்கு முன்பே பாருங்கள்.

அகமதாபாத், ஐரோப்பிய டோசியர்கள்:

எங்களுக்கு மாறியது டீம் அல்ல, விதி. ஐரோப்பிய வேரியேஷன் விதிமுறையின் திருத்தம் 2025 ஜனவரி 1-இல் அமலுக்கு வந்தது, புதிய வகைப்பாட்டு வழிகாட்டி 2026 ஜனவரி 15-இல். டைப் ஐஏ என்ற சிறிய மாற்றங்களைப் பொதுவாக வருடாந்திர அப்டேட்டாகச் சேர்த்து அனுப்புவது உட்பட, பழகிய பல விஷயங்களை மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. சுருக்கம் எழுதி எல்லோருக்கும் அனுப்பினேன். "நோட்டட்" என்று பதில் வந்தது, படித்ததாகத் தெரியவில்லை.

சரி என்று வழியை மாற்றினேன். ஒவ்வொருவரும் தன் மேஜையில் நிற்கும் ஒரு மாற்றத்தை எடுத்து வர வேண்டும். பழைய விதியில் அது என்ன டைப், புதியதில் என்ன, என்னென்ன ஆவணம் வேண்டும் என்று மற்றவர்கள் முன்னால் சொல்ல வேண்டும். முதல் கூட்டத்திலேயே சத்தமாக வாக்குவாதம் வந்தது, எனக்கு ரொம்ப சந்தோஷம். கருத்து ஒத்துப்போகாத இடங்களைக் குறித்துவைத்து ஐரோப்பாவில் இருக்கும் எங்கள் அலுவலகத்துக்கு அனுப்பினோம். அங்கிருந்து வந்த பதில்களோடு அதுவே இப்போது எங்கள் கேள்வி-பதில் கோப்பு. புதிதாகச் சேருகிறவர்களுக்கு சுருக்கத்தைக் கொடுப்பதை நிறுத்திவிட்டு, அதைத்தான் கொடுக்கிறோம்.