சிகாகோ பனியில நாற்காலியை நகர்த்தலாம்னு எழுதின புண்ணியவான் யாரு?

ஏரிக்கரையான்:
"முதல் தடவையா சிகாகோ வர்றீங்களா, இதைப் படிங்க"ன்னு ஒரு ஃபார்வர்டு காலையில இருந்து நாலு குரூப்ல வந்துடுச்சு. பாதி சரிதான். ஓஹேர் ஏர்போர்ட்ல இறங்கினா ப்ளூ லைன் ரயில் பிடிங்க, ராத்திரி பூரா ஓடும். எஸ்கலேட்டர்ல வலது பக்கம் நில்லுங்க. ஓட்டல்ல இருபது பர்சன்ட் டிப்ஸ் வைங்க. எல்லாம் ஓகே. ஏழாவது பாயின்ட்லதான் வினை. "பனி பெஞ்சதுக்கு அப்புறம் தெருவுல காலி இடத்துல நாற்காலி போட்டு வச்சிருப்பாங்க, அதுக்கு சட்டத்துல இடமே இல்ல, எடுத்து ஓரமா வச்சுட்டு தைரியமா கார் நிறுத்துங்க." தைரியமாவாம்! இதை எழுதினவர் ஒரு ஜனவரியாவது சிட்டிக்குள்ள தெருவுல கார் நிறுத்தியிருக்காரா? புதுசா வர்றவனை அடி வாங்கவா அனுப்புறீங்க? பனியை அள்ளி இடத்தை சுத்தம் பண்ணினவன், அது தனக்குன்னு நாற்காலி போட்டு வைப்பான், இந்த ஊர்ல அந்த பழக்கத்துக்கு பேரே டிப்ஸ்தான். நாற்காலி இருந்தா தொடக்கூடாது, அவ்வளவுதான்.

மதுரக்காரி:
நாற்காலிக்கு எதுக்கு டிப்ஸ் வைக்கணும்?

ஏரிக்கரையான்:
அந்த டிப்ஸ் இல்லம்மா. இது வேற டிப்ஸ். ஏ பி சி டி-ல வர்ற "டி"ல ஆரம்பிக்கிறது, நடுவுலயும் அந்த "பி"தான். தமிழ்ல எழுதினா ரெண்டும் ஒண்ணாதான் தெரியும், நான் என்ன பண்ண.

நேப்பர்வில் நந்தா:
எழுதினது நான்தான். ஒளிஞ்சுக்கல. மூணு தடவை படிச்சு பார்த்துட்டேன், ஏழாவது பாயின்ட்ல ஒரு எழுத்து தப்பு இல்ல. தெரு பொதுவழி. காசு கட்டி வாங்கினியா? இல்ல. அப்புறம் நாற்காலி போட்டா உன் இடம் ஆயிடுமா? நம்ம ஊர் டவுன் பஸ்ல ஜன்னல் வழியா துண்டு போட்டு இடம் பிடிக்கிறதை காட்டுமிராண்டித்தனம்னு கிண்டல் பண்ற அதே ஆளுங்க இங்க வந்து நாற்காலி போட்டா அது பண்பாடு. நல்லா இருக்குய்யா நியாயம்.

ஏரிக்கரையான்:
துண்டு போட்டவன் அந்த சீட்டை தோண்டி எடுத்தானா? 2011 பிப்ரவரில நீங்க எங்க இருந்தீங்க சார்? 21 இஞ்ச் பனி. லேக் ஷோர் டிரைவ்ல நூத்துக்கணக்கான கார் நடு ராத்திரி மாட்டிக்கிட்டு ஜனங்க இறங்கி நடந்தாங்க. எங்க தெரு ஆல்பனி பார்க்ல. என் கார் எதுன்னே தெரியல, ஆன்டெனா நுனி மட்டும் ஒரு விரல் அளவுக்கு வெளிய நின்னுச்சு. மூணரை மணி நேரம் அள்ளினேன். மேல இருக்கிறது பஞ்சு, அது பரவாயில்ல. பனி தள்ளுற லாரி தெருவை வழிச்சுட்டு போறப்போ நம்ம கார் ஓரமா ஒரு சுவரு வச்சுட்டு போகும் பாருங்க, அது பாறை, உப்பும் அழுக்கும் கலந்து இறுகிப்போய் ஷவல் பிளேடு மடங்குது. முடிச்சுட்டு நம்ம ஆளுங்க கடைத்தெரு டெவான்ல வாங்கின சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு கை உடைஞ்சது, கல்யாண மண்டபத்துல போடுவாங்களே அந்த டைப், அதை வச்சுட்டு வேலைக்கு போனேன். சாயங்காலம் வந்தா அது அப்படியே நிக்குது. இடம் தேடி அந்த தெருவுல எத்தனை பேர் சுத்தியிருப்பான், ஒருத்தன் தொடல. அதான் இந்த ஊர் மரியாதை. உழுதவனுக்கே நிலம்.

பட்டாபி:
உழுதவனுக்கு நிலம் சரி, பட்டா எங்க? தெரு புறம்போக்கு. புறம்போக்குல எத்தனை வருஷம் உழுதாலும் அது புறம்போக்குதான். சட்டத்தை பேசுறோமா பழக்கத்தை பேசுறோமா, அதை முதல்ல முடிவு பண்ணிட்டு சண்டை போட்டா நல்லது.

டெவான் தம்பி:
யாரை புறம்போக்குங்கிறீங்க?

பட்டாபி:
தெருவை சொன்னேன் தம்பி.

டெவான் தம்பி:
எங்க தெருவை சொன்னா எங்களை சொன்ன மாதிரிதான்.

நேப்பர்வில் நந்தா:
பட்டாபி சார் சரியா சொன்னார். சட்டத்துல இடம் இல்ல. சிட்டி லாரியே சில நாள் விட்டுட்டு வந்து நாற்காலி, பால் கிரேட், இஸ்திரி போடுற பலகை எல்லாத்தையும் குப்பையா அள்ளிட்டு போகுது. சிட்டி அள்ளலாம், நான் ஓரமா வைக்கக்கூடாதா?

ஏரிக்கரையான்:
"சில நாள் விட்டுட்டு." அந்த சில நாள் எதுக்கு விடுறான்னு யோசிங்க சார். மேயர் ரிச்சர்ட் எம். டேலியே பதவியில இருக்கறப்போ வெளிப்படையா இதுக்கு சப்போர்ட்டா பேசினவர். மேயருக்கு தெரியாத சட்டம் உங்களுக்கு தெரியுமா?

நேப்பர்வில் நந்தா:
ஆஹா! ஊர் பார்க்கிங் மீட்டரை எல்லாம் 2008-ல 75 வருஷத்துக்கு 115 கோடி டாலருக்கு குத்தகைக்கு விட்டாரே, அந்த டேலியா? நீங்க மீட்டர்ல போடுற காசு உங்க பேரன் காலம் வரைக்கும் தனியார் கம்பெனிக்கு போகுது, தெரு நியாயத்துக்கு அவரை சாட்சி கூப்பிடுறீங்க. வேற ஆள் கிடைக்கலையா?

ஏரிக்கரையான்:
மீட்டர் வேற நாற்காலி வேற. இந்த ஊர்ல பனியோட விளையாடினா என்ன ஆகும்னு தெரியணும்னா 1979 பாருங்க, பனியை சரியா அள்ளலன்னு ஜனங்களுக்கு வந்த கோவத்துலதான் மேயர் பிலான்டிக் தோத்து ஜேன் பர்ன் வந்தாங்க. மேயரையே தூக்கின ஊருங்க. நீங்க நாற்காலியை தூக்குங்கன்னு எழுதுறீங்க.

டெவான் தம்பி:
நான் கண்ணால பார்த்ததை சொல்றேன். ரெண்டு வருஷம் முன்னாடி எங்க தெருவுல வெளியூர் நம்பர் பிளேட் கார், நந்தா சார் பாயின்ட்டை படிச்சுட்டு வந்த மாதிரியே நாற்காலியை நடைபாதையில மடிச்சு வச்சுட்டு நிறுத்தினார் ஒருத்தர். காலையில பார்த்தா ராத்திரி எவனோ பைப் போட்டு தண்ணி அடிச்சிருக்கான். வெளிய பூஜ்யம் டிகிரி ஃபாரன்ஹீட். கார் மொத்தமும் கண்ணாடி பெட்டிக்குள்ள வச்ச மாதிரி, கதவு கைப்பிடி உள்ள தெரியுது ஆனா விரல் போகாது. மனுஷன் கெட்டில்ல வெந்நீர் எடுத்துட்டு ஓடி வர்றாரு, வேணாம் சார் கண்ணாடி விரிஞ்சுடும்னு நாங்கதான் கைய பிடிச்சோம். மத்தியானம் வரைக்கும் அவர் பிளாஸ்டிக் ஸ்கிராப்பர் வச்சு சுரண்டினார். மடிச்சு வச்ச அந்த நாற்காலி பக்கத்துலயே நிக்குது, அதான் பார்க்க ஒரு மாதிரி இருந்துச்சு.

நேப்பர்வில் நந்தா:
இதுக்கு பேர் ரவுடித்தனம். இதையா மரியாதைங்கிறீங்க? அடுத்தவன் காரை நாசம் பண்றது குற்றம். நாற்காலியை நகர்த்துறது குற்றம் இல்ல. திரும்ப சொல்றேன், சட்டத்துல இடம் இல்ல.

ஏரிக்கரையான்:
குற்றம்தான், யார் இல்லன்னா? போலீஸ்ல சொல்லுங்க, எழுதிக்குவாங்க. ஐஸ் கரையுமா? டூரிஸ்ட்டுக்கு தேவை சட்ட புத்தகம் இல்ல சார், காலையில ஸ்டார்ட் ஆகுற கார்.

மதுரக்காரி:
அண்ணா ஒரு நிமிஷம். அப்பா அம்மா டிசம்பர் 20 வர்றாங்க, மூணு வாரம் இருப்பாங்க. நான் லேக்வியூல இருக்கேன், கராஜ் இல்ல. வாடகைக்கு கார் எடுத்து தெருவுல நிறுத்தலாமா?

பட்டாபி:
மேடம், டிசம்பர் 1 முதல் ஏப்ரல் 1 வரை சில மெயின் ரோட்டுல ராத்திரி மூணு மணியில இருந்து காலை ஏழு வரை நிறுத்தவே கூடாது. பனி பெஞ்சாலும் பெய்யலனாலும். போர்டு இருக்கும், பாருங்க. இழுத்துட்டு போனா இழுவைக்கு 150 டாலர், டிக்கெட் 60, அப்புறம் கார் அங்க நிக்கிற ஒவ்வொரு நாளுக்கும் குறைஞ்சது 25. உள் தெருவுல ஏரியாக்காரங்க பர்மிட் உண்டு, விருந்தாளிக்கு ஸ்டிக்கர் வாங்கி ஒட்டணும்.

ஏரிக்கரையான்:
கார் எடுக்காதம்மா, நீ இருக்கிற இடத்துல ரயில் பஸ் எல்லாம் இருக்கு, வென்ட்ரா கார்டு மூணு வாங்கிக்கோ. அப்படியே எடுத்தாலும் லோயர் வாக்கர்ல இறங்கிடாத, ரோட்டுக்கு கீழ ரோடு, ஜிபிஎஸ் செத்துடும், அப்பா மறுபடி மேல வர்றப்போ வேற தெருவுல இருப்பார். ஏரி எந்த பக்கமோ அது கிழக்கு, இது ஒண்ணு போதும் வழி கண்டுபிடிக்க. முக்கியமா நாற்காலி இருந்தா தொடாத.

நேப்பர்வில் நந்தா:
பாருங்க, அந்த பொண்ணு கேட்டது பார்க்கிங். இவர் மறுபடி நாற்காலிக்கே வர்றார்.

ஏரிக்கரையான்:
வர்றேன். ஏன்னா நீங்க இன்னும் பாயின்ட்டை எடுக்கல. உங்க போன் நம்பர் 630-ல ஆரம்பிக்குதா சார்?

நேப்பர்வில் நந்தா:
ஆரம்பிச்சா?

ஏரிக்கரையான்:
773-ஓ 312-ஓ இருந்தா சிகாகோ. 630 புறநகர். அதை வச்சிருக்கிறவர் சொந்த கராஜ்ல ரெண்டு கார் நிறுத்தி, டிரைவ்வேல மெஷின் ஓட்டி பனி ஊதிட்டு, சனிக்கிழமை மெட்ரா ரயில் பிடிச்சு வந்து பீன் சிலை முன்னாடி போட்டோ எடுத்துட்டு திரும்ப போறவர். அவர் எங்களுக்கு சிகாகோ மரியாதை சொல்லித் தர்றார். உங்க லிஸ்ட்ல "வில்லிஸ் டவர்"னு எழுதினப்பவே நினைச்சேன். 2009-ல பேர் மாத்தினாங்க, சரி. ஊர்க்காரன் வாயில சியர்ஸ் டவர்தான் வரும்.

நேப்பர்வில் நந்தா:
2019-ல பத்தாவது உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு எங்க நடந்துச்சு? ஷாம்பர்க்ல, அதுவும் புறநகர்தான். உலகமே சிகாகோ மாநாடுன்னுதான் சொல்லுச்சு. அப்போ நீங்க வேட்டி கட்டிட்டு போய் முன் வரிசையில உட்கார்ந்தீங்களே, அப்ப ஷாம்பர்க் சிகாகோவா இருந்துச்சா?

ஏரிக்கரையான்:
நான் முன் வரிசையில உட்காரல. நாலாவது வரிசை.

டெவான் தம்பி:
நாற்காலி போட்டு இடம் பிடிச்சீங்களா அண்ணே?

ஏரிக்கரையான்:
தம்பி நீ எந்த பக்கம்?

மதுரக்காரி:
அப்பா சைவம். இந்த ஊர் ஸ்பெஷல் ஏதாவது சாப்பிட முடியுமா? லிஸ்ட்ல ஹாட் டாக் போட்டிருக்கு.

டெவான் தம்பி:
வேணாம்க்கா. சிகாகோ ஹாட் டாக் முழுக்க மாட்டிறைச்சி. அப்பாவுக்கு டீப் டிஷ் பீட்சா, கீரை போட்டது. ஆர்டர் குடுத்தா வர முக்கால் மணி நேரம் ஆகும், பசி வர்றதுக்கு முன்னாடியே போயிடுங்க. உள்ளூர்க்காரங்க சாதாரண நாள்ல சாப்பிடுறது அது இல்ல, அப்பளம் மாதிரி மெல்லிசா சதுரம் சதுரமா வெட்டி தர்றது. நீங்க ஹாட் டாக் சாப்பிடுறதா இருந்தா கெச்சப் மட்டும் கேட்காதீங்க.

நேப்பர்வில் நந்தா:
கெச்சப் கேட்டாலும் சட்டப்படி தப்பு இல்ல.

ஏரிக்கரையான்:
ஆரம்பிச்சுட்டார்.

பட்டாபி:
கெச்சப்புக்கும் நாற்காலிக்கும் ஒரு ஒற்றுமை உண்டு. ரெண்டுமே சட்டம் இல்ல, பழக்கம். அதனாலதான் ஆரம்பத்துல கேட்டேன், எதை பேசுறோம்னு. யாரும் பதில் சொல்லல.

ஏரிக்கரையான்:
பட்டாபி சார், 21 இஞ்ச் பனியை அள்ளி இருக்கீங்களா? ஆமா இல்லன்னு சொல்லுங்க, அப்புறம் ஒற்றுமை வேற்றுமை பேசலாம்.

பட்டாபி:
நான் கான்டோவுல, அதான் அடுக்குமாடில இருக்கேன். கீழ பார்க்கிங்.

ஏரிக்கரையான்:
அப்ப சரி. கராஜ்காரர் ஒருத்தர், பேஸ்மென்ட்காரர் ஒருத்தர். தெருவுல நிறுத்துறவன் பாடு இவங்களுக்கு பட்டா, சட்டம்.

நேப்பர்வில் நந்தா:
லிஸ்ட் ரெண்டாவது பதிப்பு ரெடி. ஏழாவது பாயின்ட் அப்படியேதான் இருக்கும், இந்த தடவை தடித்த எழுத்துல.

மதுரக்காரி:
அப்பாகிட்ட இதெல்லாம் போன்ல படிச்சு காட்டினேன். நாற்காலி ஊர்ல இருந்து எடுத்துட்டு வரணுமான்னு கேக்குறாரு, லக்கேஜ்ல இடம் இருக்காம்.

ஏரிக்கரையான்:
வேணாம்மா, இங்கயே கிடைக்கும். இரும்பு நாற்காலியா வாங்கு, பிளாஸ்டிக்னா ஏரிக்காத்துல பறந்துடும்.

நேப்பர்வில் நந்தா:
ஒரு நிமிஷம். 2011-ல உங்க நாற்காலி சிவப்பு பிளாஸ்டிக்னு மேல எழுதியிருக்கீங்க. அன்னைக்கு அடிச்ச காத்துல அது எப்படி சாயங்காலம் வரைக்கும் அப்படியே நின்னுச்சு?

ஏரிக்கரையான்:
அதுமேல பழைய கிரைண்டர் குழவியை வச்சிருந்தேன்.

நேப்பர்வில் நந்தா:
குழவிக்கும் சட்டத்துல இடம் இல்ல.