நாற்றத்துக்குக் காரணம் காலுறை அல்ல

உப்பனாற்றங்கரையான், கடலூர் முதுநகர்:

இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. மீன் பதப்படுத்தும் கூடம் ஒன்றில் எனக்கு வேலை. விடியற்காலை ஐந்து மணிக்கு ரப்பர் பூட்ஸுக்குள் காலை விட்டால், மதியம் இரண்டு மணிக்குத்தான் வெளியே எடுப்பேன். தரையெல்லாம் ஐஸ் தண்ணீர், பூட்ஸுக்குள் வியர்வை. போன ஐப்பசியில் காலிலிருந்து ஒரு நாற்றம் கிளம்பியது. மீன் வாடை எனக்குப் பழகியது; இது வேறு. புளித்த மாவும் அழுகிய முட்டையும் கலந்தது போன்ற வாடை. சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் அரை மணி நேரத்தில் திரும்ப வந்துவிடும்.

நம் ஊரில் செருப்பை வாசலில் விட்டுவிடலாம், காலை விட முடியாதே! மஞ்சக்குப்பத்தில் மைத்துனர் வீட்டு நிச்சயதார்த்தம். எல்லோரும் ஜமுக்காளத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்க, நான் மட்டும் இரண்டு மணி நேரம் தெருவில் நின்று போனில் பேசுவது போல் நடித்தேன். பாடலீஸ்வரர் கோயிலுக்குக்கூடக் கூட்டமில்லாத நேரமாகப் பார்த்துத்தான் போனேன்.

மருந்துக் கடையில் சேற்றுப்புண் என்று நானாகவே சொல்லி ஒரு களிம்பு வாங்கினேன். ஒரு மாதம் தடவியும் பலனில்லை. பூஞ்சைக்கான மருந்தோடு ஸ்டீராய்டும் அதில் கலந்திருந்தது பிறகுதான் தெரிந்தது. அரிப்பே இல்லாத காலுக்கு அது எதற்கு?

ஒரு நாள் வலி போகட்டும் என்று வெந்நீரில் காலை ஊறவைத்தேன். பாதம் வெளுத்து ஊறிய பிறகு மனைவி டார்ச் அடித்துப் பார்த்தாள். "என்னங்க இது, ஆப்பத்தில் விழும் ஓட்டை மாதிரி இருக்கிறதே!" என்றாள். குதிகாலிலும், விரல்களுக்குக் கீழே உள்ள மேட்டிலும் குண்டூசித் தலை அளவில் வட்டக் குழிகள். சில இடங்களில் நாலைந்து குழிகள் ஒன்றாகி, ஓரம் அரித்துப் போயிருந்தது. உடம்பின் பாரம் அழுந்தும் இடங்களில்தான் இந்த அட்டகாசமெல்லாம். பாதத்தின் வளைவில் ஒன்றுகூட இல்லை. கால் காய்ந்ததும் பாதி மறைந்துவிட்டது. இத்தனை நாள் கண்ணில் படாததன் காரணம் அதுதான்.

புதுச்சேரியில் ஒரு தோல் மருத்துவர் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட்டார். இருந்தாலும் தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் வைத்து, பூஞ்சை இல்லை என்று உறுதி செய்துகொண்டார். 'பிட்டட் கெரட்டோலைசிஸ்' என்று பெயர். கைட்டோகாக்கஸ், கொரினிபாக்டீரியம் போன்ற பாக்டீரியாக்களின் வேலை. ஈரத்தில் ஊறிய தோலில் அவை பெருகி, கெரட்டின் புரதத்தைக் கரைக்கும் நொதிகளைச் சுரக்கின்றன. மேல்தோலின் உயிரற்ற அடுக்கை மட்டும் அரிப்பதால் ரத்தம் வருவதில்லை. அவை வெளியிடும் கந்தகச் சேர்மங்கள்தான் அந்த வாடை. மூன்று மாதமாக நான் திட்டித் தீர்த்த காலுறை நிரபராதி!

காலையும் மாலையும் தடவ, பாக்டீரியாவைக் கட்டுப்படுத்தும் கிளிண்டாமைசின்; இரவில் வியர்வையைக் குறைக்க அலுமினியம் குளோரைடு. பத்து நாளில் வாடை போய்விட்டது. குழிகள் மறைய ஒரு மாதம் ஆனது. இப்போது இரண்டு ஜோடி பூட்ஸ் வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் போடுகிறேன்.

நாற்றங்கால், பாகூர்:

பூட்ஸ்தான் குற்றவாளி என்று முடிவு கட்டிவிடாதீர்கள் அண்ணா. நான் செவிலியர், அம்மா நடவுக்குப் போகிறவர். நாள் முழுக்கச் சேற்றில் வெறுங்கால்தான். அவர் காலிலும் இதே குழிகளைப் பார்த்திருக்கிறேன். 1910இல் இந்நோயை முதன்முதலில் விவரித்த அல்டோ காஸ்தெல்லானி, இலங்கையில் மழைக்காலத்தில் வெறுங்காலோடு நடந்தவர்களிடம்தான் இதைக் கண்டார். ஈரம் உள்ளேயிருந்து ஊறினால் என்ன, வெளியேயிருந்து ஊறினால் என்ன?

விரலிடுக்குச் சேற்றுப்புண்ணுக்கு அரைக்கும் மருதாணியையே அம்மா உள்ளங்காலுக்கும் அப்பினார். கால் சிவந்தது, குழியும் சேர்ந்து சிவந்தது. அறுவடை முடிந்து வெயில் ஏறியதும் குழிகள் தாமாகவே மறைந்தன. அம்மா இன்னமும் மருதாணிதான் குணமாக்கியது என்கிறார்.

பெண்ணையாற்றுப் பிள்ளை, குண்டு உப்பலவாடி:

படித்துச் சிரித்தேன். ஆனால் எங்கள் வீட்டுக் கதை வேறு. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு பெண்ணையாறு புரண்டபோது, அப்பா முழங்கால் அளவு தண்ணீரில் மாட்டை அவிழ்க்கப் போனார். பல வருடமாகச் சர்க்கரை நோய். உள்ளங்காலில் எதுவோ குத்தியது அவருக்கே தெரியவில்லை. நரம்பு மரத்துப்போன கால் அது.

மூன்றாம் நாள் குளிர் காய்ச்சல். புறங்கால் பளபளவென்று வீங்கி, தொட்டால் சுட்டது. சிவப்பு கணுக்காலுக்கு மேலே ஏறிக்கொண்டிருந்தது. பாதத்தைத் திருப்பிப் பார்த்தால் ஒரு சின்னக் கறுப்புப் புள்ளி, அவ்வளவுதான். 'செல்லுலைட்டிஸ்' என்றார்கள், தோலுக்கு அடியில் பரவும் தொற்று. ஸ்ட்ரெப்டோகாக்கஸ், ஸ்டெஃபிலோகாக்கஸ் வகைப் பாக்டீரியாக்கள் காயத்தின் வழியே தோலின் ஆழத்துக்கு இறங்கிவிடுமாம். ஆறு நாள் ரத்தக் குழாய் வழியே மருந்து ஏற்றினார்கள். காயத்தைத் திறந்தபோது உள்ளே கருவேல முள்ளின் முனை, அரிசி நீளம்கூட இல்லை.

"வலிக்கவே இல்லையே" என்று அப்பா திரும்பத் திரும்பச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. முதுநகர் அண்ணனுக்கும் குழிகள் பெரிதாக வலிக்கவில்லை, அது வேறு. இது வேறு. இப்போது தினமும் இரவு அப்பாவின் காலடியில் உட்கார்ந்து, முகம் பார்க்கும் கண்ணாடியைப் பாதத்துக்குக் கீழே பிடித்துப் பார்க்கிறேன். பிள்ளை காலைத் தொடுவது அவருக்குச் சங்கடம். முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

வில்லியனூர் மாணவன்:

பூட்ஸுக்குள் ஆப்பச் சோடா தூவினால் வாடை போகுமா அண்ணா?

உப்பனாற்றங்கரையான்:

தூவிப் பார்த்ததில்லை தம்பி. எனக்குக் கைகொடுத்தது மருந்தும் காய்ந்த பூட்ஸும்தான். மொட்டை மாடியில் கவிழ்த்து வைத்திருந்த ஜோடி நேற்றைய மழையில் நனைந்துவிட்டது. பழைய செய்தித்தாளைச் சுருட்டி உள்ளே திணித்து வைத்திருக்கிறேன். உன் கேள்வியை மனைவியிடம் படித்துக் காட்டினேன், சிரிக்கிறாள். அந்த டார்ச் வெளிச்சத்துக்குப் பிறகு எங்கள் வீட்டில் ஆப்பம் சுடுவதே இல்லை.