சனி டைம் டிரயல், ஞாயிறு ரோடு ரேஸ்: களத்தில் கண்டவை

அணிப் பொறுப்பாளர்:
முதல் நாள் 20 கி.மீ. தனிநபர் டைம் டிரயல் (ஒவ்வொருவராகக் கிளம்பிக் கடிகாரத்தோடு போட்டி போடும் சைக்கிள் பந்தயம்), மறுநாள் எல்லாரும் ஒன்றாகக் கிளம்பும் 100 கி.மீ. ரோடு ரேஸ், இரண்டு நேரத்தையும் கூட்டி மொத்த வெற்றியாளர். அமெச்சூர் அணிகளுக்குப் பழக்கமான வார இறுதிதான். ரோடு ரேஸில் ஒரே கூட்டமாகக் கோட்டைத் தாண்டுகிறவர்களுக்கு ஒரே நேரம்தான் போடுவார்கள். அதனால் சனிக்கிழமை விழுந்த 15 வினாடி இடைவெளி, யாராவது கூட்டத்தை உடைத்துக்கொண்டு போனால் ஒழிய, ஞாயிறு முடிவிலும் அப்படியே நிற்கும். அந்த 15 வினாடியை எது தின்கிறது என்று பார்த்தால், பெரும்பாலும் சில்லறை விஷயங்கள்தான்: நழுவிய சீட், ஸ்டார்ட்டுக்குத் தாமதம், முதல் 3 கி.மீ.யிலேயே காலைக் காலி செய்வது. அவரவர் பார்க்கும் வேலையிலிருந்து எழுதுங்கள்.

மெக்கானிக்:
சீட்டிலிருந்தே ஆரம்பிக்கிறேன், அதிகம் கெடுவது அதுதான். டைம் டிரயலில் ஓட்டுபவர் சீட்டின் மூக்கு நுனியில் உட்காருகிறார். ரோடு சைக்கிளில் அசையாத கிளாம்ப் இங்கே பாரம் தாங்காமல் மூக்கைக் கீழே சாய்த்துவிடும். மூக்கு சாய்ந்தால் ஆள் முன்னே வழுக்குவார், வழுக்காமல் இருக்கத் தோளால் உந்துவார், தலை மேலே எழும்பும், காற்று முழுசாக மார்பில் அடிக்கும். கிளாம்பைக் கழற்றி ஆல்கஹாலால் துடைத்து, வழுக்காமல் பிடிக்கும் கார்பன் பேஸ்ட் தடவி, பாகத்தின் மேலேயே அச்சிட்டிருக்கும் டார்க் (முடுக்கும் விசை) அளவுக்கு முடுக்குங்கள். சீட்போஸ்ட்டில் பெரும்பாலும் 5 அல்லது 6 நியூட்டன் மீட்டர் இருக்கும், ஆனால் கை மதிப்பில் முடுக்க வேண்டாம். பிறகு டிரெயினரில் (சைக்கிளை நின்ற இடத்திலேயே மிதிக்க உதவும் ஸ்டாண்ட்) ஏற்றி, மூக்கில் உட்கார்ந்து நாலைந்து தடவை நன்றாகக் குதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். சீட்போஸ்ட் ஃபிரேமுக்குள் இறங்கும் இடத்தில் ஒரு சுற்று எலக்ட்ரிக்கல் டேப் ஒட்டினால், இறங்கியிருக்கிறதா என்பது ஒரு பார்வையில் தெரிந்துவிடும். முன்கையை ஊன்றிப் பிடிக்க முன்னே நீளும் முன்கைக் கம்பிகளின் நுனியைப் பிடித்து மேலே இழுத்தும் பார்க்க வேண்டும். மேடு பள்ளத்தில் முதலில் சுழல்வது அவைதான்.

யூசிஐ (சர்வதேச சைக்கிள் சங்கம்) விதிப்படி நடக்கும் பந்தயம் என்றால் அந்தக் கம்பியின் நீளத்துக்கும் கணக்கு உண்டு. பாட்டம் பிராக்கெட் அச்சிலிருந்து (பெடல் கைகள் சுழலும் நடு அச்சு) கிடைமட்டமாக, நுனியில் இருக்கும் ஷிஃப்டரையும் சேர்த்து அளப்பார்கள். 180 செ.மீ.க்குக் குறைவான உயரம் உள்ளவருக்கு 80 செ.மீ., 190-க்குக் கீழே 83, அதற்கு மேல் 85. வரிசையில் நிற்கும்போது 1 செ.மீ. கூடுதல் என்று தெரிந்தால், வார்ம்-அப் நேரம் முழுவதும் ஆலன் கீயோடுதான் போகும். வெள்ளிக்கிழமையே டேப் வைத்து அளந்துவிடுங்கள்.

வயர்லெஸ் கியர் இருந்தால் காரில் ஏற்றுமுன் பேட்டரிகளைக் கழற்றுங்கள். அசைவு பட்டாலே விழித்துக்கொள்ளும் வகை என்றால், நெடுந்தூரப் பயணத்தில் பேட்டரி தன்னாலேயே இறங்கிவிடும். முன், பின் டீரெய்லர் (செயினைப் பல் மாற்றும் கருவி) பேட்டரிகள் ஒரே அளவாக இருந்தால், பின்னது செத்தாலும் முன்னதை மாட்டிப் பந்தயத்தை முடித்துவிடலாம். பவர் மீட்டரை (மிதிக்கும் சக்தியை வாட்டில் காட்டும் கருவி) வண்டியிலிருந்து இறக்கியவுடன் ஜீரோ செய்யாதீர்கள். வெளி வெப்பத்துக்கு 15, 20 நிமிடம் பழகிய பிறகு செய்தால்தான் வாட் கணக்கு நம்பத்தக்கதாக இருக்கும்.

டைம் டிரயல் ஓட்டுபவர்:
மெக்கானிக் அண்ணன் டயர் பக்கம் வரவில்லை. லேடெக்ஸ் ட்யூபின் உருளும் தடை சாதாரண பியூட்டைல் ட்யூபைவிடக் குறைவு. ஆனால் ஒரே இரவில் காற்று கணிசமாக இறங்கிவிடும். முந்தைய நாள் அடித்துவைத்தது கணக்கில் வராது, காலையில் மறுபடி அடிக்க வேண்டும். பின்னால் டிஸ்க் வீல் (கம்பிகள் இல்லாமல் முழுத் தட்டாக மூடிய சக்கரம்) போடுபவர்கள் வளைந்த வால்வு அடாப்டரை மறந்து வந்துவிட்டு, பம்ப் தலை உள்ளே நுழையாமல் பரிதவிப்பதை எல்லாப் பந்தயத்திலும் பார்க்கலாம். ஒன்றை பம்ப்பிலேயே கட்டிவையுங்கள். காற்று பலமாக இருந்தால் முன் சக்கரத்தின் ஆழத்தைக் குறையுங்கள். ஹேண்டிலைப் பிடுங்குவது முன் சக்கரம்தான், பின்னால் இருக்கும் டிஸ்க் அந்த அளவுக்குத் தொந்தரவு தராது.

வார்ம்-அப் 25 நிமிடம் போதும். 10 நிமிடம் லேசாக, 5 நிமிடம் படிப்படியாக ஏற்றி, பந்தய வேகத்தில் 1 நிமிடம் மூன்று முறை, நடுவில் 2 நிமிட இடைவெளி, மிச்சம் லேசாக. ஸ்டார்ட்டுக்குப் பத்து நிமிடம் முன்பு இறங்கிவிட வேண்டும். வெயில் நேரம் என்றால் எதிரே மின்விசிறி, கழுத்தில் ஐஸ் துணி. வியர்த்துக் கொட்டியபடி கிளம்பினால் பாதித் தூரத்தில் வாட் தன்னாலே விழும்.

கைக்கடிகாரத்தை அமைப்பாளர்களின் கடிகாரத்தோடு ஒத்துப் பாருங்கள். நம் முறை 9:42:00 என்றால், நாம் 9:42:20-க்கு வந்தாலும் கடிகாரம் 9:42:00-லிருந்தே ஓடும். பெரிய கியரில் நின்றபடி முட்டிமோதிக் கிளம்பாமல், பின்னால் 17 அல்லது 19 பல்லில் வைத்து உருட்டிவிட்டு ஏற்றுங்கள்.

இனி வேகப் பங்கீடு. காற்றை எதிர்க்கத் தேவைப்படும் வாட், வேகத்தின் கனத்துக்கு (வேகம் × வேகம் × வேகம்) ஏற்ப ஏறும். 40-லிருந்து 42 கி.மீ. வேகத்துக்குப் போக, காற்றுக்கு மட்டும் சுமார் 16 சதவீதம் கூடுதல் வாட் வேண்டும். ஏற்றத்தில் அதே 16 சதவீதத்தைக் கொடுத்தால் வேகமும் ஏறக்குறைய அதே விகிதத்தில் கூடும். ஆகவே மெதுவாகப் போகும் இடத்தில் செலவழித்து, வேகமாகப் போகும் இடத்தில் சேமிக்க வேண்டும். போய்த் திரும்பும் பாதையில் எதிர்காற்றில் 35, திரும்பும்போது 45 என்று வையுங்கள். முதல் 10 கி.மீ.க்கு 17 நிமிடம் 9 வினாடி, அடுத்த 10-க்கு 13 நிமிடம் 20 வினாடி. எதிர்காற்றில் கழியும் நேரமே ஏறக்குறைய 4 நிமிடம் அதிகம், அங்கே கூட்டும் வாட்டுக்குத்தான் பலன். எஃப்டிபி (சுமார் ஒரு மணி நேரம் தாங்கக்கூடிய உச்ச வாட்) 280 உள்ளவர் முதல் 3 நிமிடம் 265, 270-க்கு மேல் விடாமல், எதிர்காற்றில் 295 வரை போய், திரும்பியபின் 265-க்கு இறக்கி, கடைசி 2 கி.மீ.யில் இருப்பதை எல்லாம் கொட்டலாம். ஸ்டார்ட்டில் 280 என்பது விளையாட்டு மாதிரித்தான் இருக்கும், அந்த உணர்வை நம்பவே கூடாது.

முன்னால் போனவரை எட்டிப் பிடித்தால் பக்கவாட்டில் 2 மீட்டர் விட்டுக் கடக்க வேண்டும். பிடிபட்டவர் பின்னால் 25 மீட்டர் இடைவெளி விட வேண்டும். ஒட்டிக்கொண்டால் வினாடிக் கணக்கில் அபராதம்.

புதிதாகச் சேர்ந்தவர்:
என்னிடம் ரோடு சைக்கிள் மட்டும்தான் இருக்கிறது, கிளிப்-ஆன் பார் (தனியாகப் பூட்டும் முன்கைக் கம்பி) மாட்டி ஓட்டலாமா? நம்பர் தாள் காற்றில் படபடக்காமல் குத்துவது எப்படி?

மெக்கானிக்:
தாராளமாக ஓட்டலாம் தம்பி. ஆனால் ஞாயிறு ரோடு ரேஸில் கிளிப்-ஆனுக்கு அனுமதி கிடையாது, சனி மாலையே கழற்றிவிடுங்கள். டைம் டிரயலுக்காக சீட்டை முன்னே தள்ளி ஒன்றிரண்டு செ.மீ. உயர்த்தியிருப்பீர்கள். அதைப் பழைய அளவுக்குக் கொண்டுவராமல் 100 கி.மீ. ஓட்டினால் முழங்கால் பேசும். மாற்றுவதற்கு முன்பே சீட் உயரம், சீட் நுனியிலிருந்து ஹேண்டில் நடுவுக்கு உள்ள தூரம் இரண்டையும் எழுதி, டாப் ட்யூபின் அடியில் ஒட்டிவையுங்கள்.

நம்பர் தாளை ஸ்கின்சூட்டை (உடலோடு ஒட்டும் பந்தய உடை) மாட்டிக்கொண்டு, முதுகை வளைத்து ஓட்டும் நிலையில் நின்று, வேறொருவர் கையால் குத்த வேண்டும். நிமிர்ந்து நிற்கும்போது குத்தினால் குனிந்ததும் துணி இழுபட்டுத் தாள் பாய்மரம் மாதிரி விரியும். தாளில் ஏற்கனவே இருக்கும் ஓட்டையில் மாட்டாமல், ஓரத்தில் பின் உள்ளே போய் வெளியே வரும்படி குத்துங்கள். நாலு மூலையோடு நீள ஓரங்களின் நடுவிலும் ஒவ்வொன்று, மொத்தம் ஆறு பின். தாளை மடிக்கவோ வெட்டவோ கூடாது, அதற்கும் அபராதம் உண்டு.

இன்னொன்று, சிப். டைம் டிரயல் சைக்கிளின் ஃபோர்க்கில் கட்டிய டிரான்ஸ்பாண்டரை ஞாயிறு காலை ரோடு சைக்கிளுக்கு மாற்ற மறந்தால் முடிவுப் பட்டியலில் பெயரே வராது.

சாப்பாடு, பாட்டில் பார்ப்பவர்:
சனி ஓட்டம் முடிந்த நிமிடமே ஞாயிறு ரேஸ் தொடங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். தசையில் கிளைகோஜனை (சேமித்துவைக்கும் மாச்சத்து) வேகமாக நிரப்ப, முதல் 4 மணி நேரம் மணிக்கு ஒரு கிலோ எடைக்கு 1 முதல் 1.2 கிராம் கார்போஹைட்ரேட் தேவை. 70 கிலோ ஆளுக்கு மணிக்கு 70 முதல் 84 கிராம். 20 கி.மீ.தானே என்று பலர் இதை விட்டுவிடுகிறார்கள். காலை வார்ம்-அப், ஓட்டம், கூல்-டவுன், பிறகு மாலையில் பாதையைச் சுற்றிப் பார்ப்பது எல்லாம் சேர்ந்தால் செலவு சின்னதில்லை.

ஞாயிறு 3 மணி நேர ரேஸ் என்றால் மணிக்கு 80 கிராம் கணக்கில் 240 கிராம். 750 மி.லி. பாட்டிலுக்கு 80 கிராம் வீதம் இரண்டு பாட்டில், 25 கிராம் ஜெல் மூன்று அல்லது நாலு. பயிற்சியில் 50 கிராமுக்கு மேல் எடுத்துப் பழகாத வயிறு 80-ஐத் தாங்காது, வயிறு உப்பி வாந்தி வரும். பல வாரம் படிப்படியாகக் கூட்டிப் பழகியவருக்குத்தான் இந்தக் கணக்கு.

பாட்டில் கொடுக்கும் இடம் ஏற்றமாக இருக்கட்டும், வேகம் குறைவாக இருக்கும். பாட்டிலின் கழுத்தை மட்டும் விரல் நுனியால் பிடித்து, கையை நீட்டி அசையாமல் நில்லுங்கள். முழுக்கைப் பிடியில் வைத்திருந்தால் அவர் இழுக்கும்போது இருவரில் ஒருவர் விழுவார். 20 மீட்டர் தள்ளி இரண்டாவது ஆள் நின்றால் முதல் பாட்டில் தவறினாலும் கவலை இல்லை.

ரோடு கேப்டன்:
சனி இரவே முடிவுப் பட்டியலைப் பார்த்து, நமக்கு 1 நிமிடத்துக்குள் இருப்பவர்களின் நம்பரையும் இடைவெளியையும் ஒரு துண்டுத் தாளில் எழுதி, டேப் போட்டு ஸ்டெம்மில் (ஹேண்டிலைத் தாங்கும் தண்டு) ஒட்டிவிடுவோம். யாராவது கூட்டத்தை விட்டு முன்னே தாவும்போது அந்த நம்பர் தாளில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும். இல்லையென்றால் விடலாம். அமெச்சூர் அணிகள் தோற்பது பெரும்பாலும் எல்லாரையும் துரத்தித்தான், சில சமயம் தன் அணிக்காரர் முன்னால் இருக்கும்போதே துரத்துவார்கள். முன்னால் போன கும்பலில் நம் ஆள் இருந்தால் நம் வேலை பின்னால் உட்காருவது, அவ்வளவுதான்.

மாறி மாறி முன்னால் வந்து காற்றை வாங்கும் சுழற்சியில் நடக்கும் தவறு ஒன்று உண்டு. முறை வந்ததும் முன்னால் வருபவர் உற்சாகத்தில் 2 கி.மீ. வேகம் கூட்டிவிடுவார், பின்னால் இடைவெளி விழும், அதை அடைக்கக் கடைசி ஆள் ஸ்பிரிண்ட் அடித்தே சோர்ந்துபோவார். வேகம் மாறாமல் வாருங்கள், விலகுகிறவர் கொஞ்சம் குறைக்கட்டும். காற்று எந்தப் பக்கமோ அந்தப் பக்கமாக விலக வேண்டும். இடப்பக்கக் காற்று என்றால் இடப்பக்கம் விலகினால், பின்னே போகும் வரிசை முன்னே வரும் வரிசைக்கு மறைப்பாக இருக்கும்.

உதிரி வீல் விஷயத்தில் மெக்கானிக் அண்ணனிடம் ஒரு கேள்வி. டிஸ்க் பிரேக்கில் மாற்றும்போது ரோட்டர் (வீலோடு சுழலும் பிரேக் தட்டு) உரசுவதற்கு என்ன செய்வது?

மெக்கானிக்:
ஹப்புக்கு ஹப் ரோட்டர் நிற்கும் இடம் கால் மில்லிமீட்டர் மாறினாலே உரசும். வெள்ளிக்கிழமையே ஒவ்வொரு உதிரி வீலையும் எல்லாச் சைக்கிளிலும் மாட்டிச் சுற்றிப் பார்த்து, உரசுவதற்கு 0.2 மி.மீ. ஷிம் (மெல்லிய வளையத் தகடு) போட்டுச் சமன் செய்யுங்கள். 11 வேகமா 12 வேகமா என்று கேசட்டை (பின் பற்சக்கரத் தொகுதி) பார்த்து வீலில் எழுதி ஒட்டுங்கள். வீல் வெளியே இருக்கும்போது பிரேக்கை யாரும் அழுத்தக் கூடாது. அழுத்தினால் பிஸ்டன் வெளியே வந்து பேட் இரண்டும் ஒட்டிக்கொள்ளும், வீல் உள்ளே போகாது. அதை விலக்க ஒரு பிளாஸ்டிக் ஆப்பு பாக்கெட்டிலேயே இருக்கட்டும். பின் வீல் என்றால் செயினைச் சின்னப் பல்லுக்கு இறக்கிவிட்டு நின்றால் பாதி வேலை முடிந்தது.

அணிப் பொறுப்பாளர்:
பங்சர் பற்றி இன்னொரு விதி. பல கட்டப் பந்தயத்தின் சமதளக் கட்டத்தில், கடைசி 3 கி.மீ.க்குள் பங்சரோ விழுதலோ நேர்ந்தால், அப்போது கூட இருந்த கூட்டத்தின் நேரமே கிடைக்கும். ஏற்றத்தில் முடியும் கட்டத்துக்கும் டைம் டிரயலுக்கும் இது பொருந்தாது. ஒரு நாள் பந்தயத்திலும் கிடையாது. நம் பந்தயம் இதில் எந்த வகை, அமைப்பாளர்கள் இந்த விதியை ஏற்கிறார்களா என்பதை சனி காலைக் கூட்டத்திலேயே கேட்டுவிடுங்கள். பங்சர் ஆனதும் வீலுக்காகக் காத்திருக்கலாமா, தட்டையான டயரிலேயே உருட்டிக்கொண்டு போய் முடிப்பதா என்பதை அந்தப் பதிலை வைத்துத்தான் தீர்மானிக்க முடியும்.