கமல் நடித்த ஆளவந்தான் படத்தை மறுபடி பார்த்தவர்கள் இருக்கிறீர்களா?

2001 தீபாவளி முடிந்து கொஞ்ச நாள் இருக்கும். எனக்கு 14 வயது. பினாங்கில், ஆயர் ஈத்தாம் ஃபிளாட் ஒன்றில் எட்டாவது மாடியில் இருந்தோம். அண்ணன் பசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், ஆளவந்தான் விசிடி வாங்கி வந்தான். மூன்று தட்டு, மேலே மங்கலாக நகலெடுத்த அட்டை. அப்பா கமல் ரசிகர். வேலை விட்டு வந்தவர் குளிக்காமலேயே டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டார்.

கமாண்டோ விஜய், மொட்டைத் தலையோடு மனநல மருத்துவமனையில் அடைபட்டிருக்கும் நந்து என்று இரண்டு கமல். எல்லாம் சரியாகத்தான் போனது. மனிஷா கொய்ராலாவை நந்து கொல்லும் இடம் வந்ததும் படம் திடீரென்று கார்ட்டூன் ஆகிவிட்டது. அப்பா எழுந்து அண்ணனை ஏச ஆரம்பித்தார். "டேய், வேற படத்தக் கலந்து உன் தலையில கட்டிட்டான்டா!" அடுத்த வாரம் அண்ணன் போய்ச் சண்டை போட்டான். பாவம் அந்தக் கடைக்காரர், பேசாமல் இன்னொரு செட்டைக் கொடுத்து அனுப்பினார். அதிலும் அதே கார்ட்டூன்!

அப்போது எனக்கு நந்துவைப் பார்த்துத்தான் பயம். ஒரு வாரம் தனியாகப் படியிறங்கவில்லை. போன மாதம் ஒரு மழை நாளில் வீட்டுக்காரரோடு மறுபடி பார்த்தேன். நந்து பயமுறுத்தவில்லை. அந்த கார்ட்டூன் கொலைகூட அழகாக இருந்தது என்று சொன்னால் அடிக்க வராதீர்கள். என்னால் உட்கார முடியாமல் போனது சின்ன நந்து வரும் பகுதியில்தான். அம்மா செத்துப்போய், இரட்டையரில் ஒருவன் வேறு வீட்டில் வளர, இவன் மட்டும் சித்தியிடம் அடிபடுகிறான். முதல் தடவை அந்தக் காட்சிகள் ஓடியபோது நான் அடுப்படியில் மைலோ கலக்கிக்கொண்டிருந்தேன்.

எங்கள் மாடியில் மூன்று வீடு தள்ளி ஒரு பையன் இருந்தான். என்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவன். பினாங்கு வெயிலிலும் முழுக்கைச் சட்டைதான் போடுவான். லிஃப்டில் பார்த்தால் கையை மணிக்கட்டு வரை இழுத்து விட்டுக்கொள்வான். அந்த வீட்டில் ரொத்தான் (பிரம்பு) சத்தம் கேட்டால் எங்கள் வீட்டில் டிவி சத்தத்தைக் கூட்டுவார்கள். "அடுத்தவங்க வீட்டு விஷயம், நமக்கெதுக்கு" என்பார் அம்மா. அன்றைக்கு விசிடி ஓடும்போதும் அப்பா சத்தத்தைக் கூட்டினார். படத்துக்காகத்தான் கூட்டினாரா என்று இப்போது என்னால் அடித்துச் சொல்ல முடியவில்லை.

உங்களுக்கு எப்படி இருந்தது?

*

நான் கோலாலம்பூர், செந்தூல். கூட்டாளிகளோடு தியேட்டரில் பார்த்தேன். நந்து திரையில் வந்ததும் யாரோ "தஞ்சோங் ரம்புத்தான் கேஸ்டா!" என்று கத்த, ஹால் முழுக்கச் சிரிப்பு. யாரோ என்ன யாரோ, நான்தான். நம் ஊரில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். ஈப்போ பக்கத்தில் 1911இல் தொடங்கிய மனநல மருத்துவமனை அது. அந்த ஊர்ப் பெயரையே நாம் திட்டாக்கி வைத்திருக்கிறோம்.

நாலு வருஷம் கழித்து என் தாய்மாமாவை அங்கே சேர்த்தார்கள். கிட்டத்தட்ட 200 கிலோமீட்டர், மாதம் ஒரு ஞாயிறு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போவேன். படத்தில் செத்துப்போன அம்மா வந்து நந்துவிடம் பேசுவாரே, அது மாதிரி மாமாவுக்கும் குரல் கேட்கும். அந்தக் குரல் அவரைக் குளிக்கச் சொல்லும், சாப்பிடச் சொல்லும். அவரும் மரியாதையாக "சரிங்க, சரிங்க" என்பார். நான் கொண்டுபோகும் பிஸ்கட்டில் பாதியைப் பக்கத்துக் கட்டில்காரருக்கு எடுத்து வைப்பார். யாரையும் ஒரு அடி அடித்ததில்லை.

மறுபடி பார்த்தபோது கமலின் நடிப்பில் அசந்துதான் போனேன். ஆனால் கோபமும் வந்தது. மனம் பேதலித்தவன் என்றால் கத்தி எடுப்பான் என்று எத்தனை படத்தில்தான் காட்டுவார்கள்? பாதியில் நிறுத்திவிட்டேன். மீதியை இன்னும் பார்க்கவில்லை.

*

கார்ட்டூன் கதையைப் படித்துச் சிரித்துவிட்டேன். எங்கள் வீட்டிலும் அதே குழப்பம்தான். 2003இல் கில் பில் என்ற ஹாலிவுட் படம் வந்து அதிலும் ஒரு பகுதி அனிமேஷனாக ஓடியபோது, "இது எங்க ஆள் முன்னாடியே பண்ணியாச்சு" என்று ஆபீசில் சீன நண்பர்களிடம் பீற்றிக்கொண்டேன். ஒருவரும் நம்பவில்லை. இரண்டு கமலும் ஒரே ஃபிரேமில் மோதும் இடங்கள் இன்றைக்கும் உறுத்தாமல் நிற்கின்றன. ஸ்பெஷல் எஃபெக்ட்ஸுக்கு தேசிய விருது கிடைத்த படமாயிற்றே. 2023 டிசம்பரில் சுருக்கி மறுபடி வெளியிட்டார்கள். என்னைக் கேட்டால் பழைய மூன்று மணி நேரப் படம்தான். மூச்சு முட்ட வேண்டிய படத்தில் எதற்கு அவசரம்?

மற்ற இருவர் எழுதியதற்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. படித்தேன், அவ்வளவுதான்.

*

பினாங்குக்காரிதான் மறுபடி. இதையெல்லாம் எழுதிவிட்டு அம்மாவுக்கு போன் போட்டேன். அந்த வீட்டுக்காரர்கள் அந்த வருஷக் கடைசி ஸ்கூல் லீவிலேயே சுங்கைப் பட்டாணிக்கு மாறிப் போய்விட்டார்களாம். பையன் பெயர் அம்மாவுக்கு நினைவில்லை. எனக்கும்தான். அண்ணனிடம் கேட்டேன். அவனுக்கும் பெயர் தெரியவில்லை, ஆனால் வேறொன்று சொன்னான். மாற்றி வாங்கிய செட்டைப் போட்டுப் பார்த்த அன்று அந்தப் பையன் எங்கள் கிரில் கதவுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தானாம். உள்ளே வா என்று கூப்பிட்டும் வரவில்லையாம். கார்ட்டூன் வந்தபோது மட்டும் சிரித்தானாம்.